செய்யலாம், செய்ய வேண்டும்: உத்திரமேரூரும் ஒரு விளையாட்டு வளாகமும்

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது குடவோலை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்தது, போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்தது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இந்த ஊரின் பேர் ஒலித்தது. ஆனால் குடவோலையில் தேர்வானவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தேர்தல் முறை ஞாபகமிருக்கிறது, தேர்தல் எதற்கு நடந்தது என்பது மறந்துவிட்டது.

ஏரியைப் பார்த்துக்கொள்ள, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, பொன்னைப் பார்த்துக்கொள்ள. அதற்குத்தான் நடந்தது. ஊருக்குப் பொதுவான ஒரு சொத்தை யார் பராமரிப்பது, யார் கணக்குச் சொல்வது என்பதற்கான ஏற்பாடு அது.

கொஞ்ச நாளாக இன்னொரு பொதுச் சொத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். உத்திரமேரூர் மாதிரி ஒரு கிராமப்புற வட்டாரத்தில், ஓடுகளம், கபடி, வாலிபால், பூப்பந்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற பல்நோக்கு விளையாட்டு வளாகம் ஒன்று வரவேண்டுமானால் என்னென்ன தேவை? "ஊர் மக்கள் ஆதரவு இருந்தால் முடியும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆதரவு என்றால் என்ன? கைதட்டுவதா, கையெழுத்துப் போடுவதா, காசு கொடுப்பதா, நிலம் கொடுப்பதா? இந்தக் கேள்விக்கு இந்த மண்ணிலேயே நிறையப் பழைய பதில்கள் இருக்கின்றன. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

சட்டத்தில் ஒரு எழுத்து வித்தியாசம்

முதலில் சட்டம். விளையாட்டு என்பது நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளாட்சிக்கு வந்தால் ஒரு வேடிக்கை. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது திருத்தங்கள் மூலம் இரண்டு அட்டவணைகள் சேர்ந்தன. கிராம ஊராட்சிகளுக்கு 11-ஆவது அட்டவணை, அதில் 29 இனங்கள். நகர உள்ளாட்சிகளுக்கு 12-ஆவது அட்டவணை, அதில் 18 இனங்கள். நகரப் பட்டியலில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கிராமப் பட்டியலின் 29-இல் மைதானம் என்ற சொல் கிடையாது. சந்தை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பண்பாட்டு நடவடிக்கை இருக்கிறது, சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது இருக்கிறது. விளையாடுகிற இடம் மட்டும் இல்லை.

கிராமத்தில்தான் வெட்டவெளி நிறைய இருக்கிறதே, தனியாக எதற்கு மைதானம் என்று நினைத்தார்களோ என்னவோ.

உத்திரமேரூருக்கு இது நேரடியாகப் பொருந்தும். நடுவில் இருக்கிற ஊர் பேரூராட்சி. அதைச் சுற்றி சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர், களியாம்பூண்டி, திருப்புலிவனம் என்று விரிகிற ஒன்றியம் முழுக்கக் கிராம ஊராட்சிகள். பேரூராட்சி எல்லைக்குள் இருக்கிற பையனுக்கு மைதானம் அரசியலமைப்பில் குறிப்பிடப்பட்ட வசதி. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்தக் குறிப்பு இல்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறது. ஆனால் எப்படி என்று பாருங்கள். 110-ஆவது பிரிவு கிராம ஊராட்சியின் கடமைகளைச் சொல்கிறது: சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், சுடுகாடு. இவற்றைச் செய்ய வேண்டும். அடுத்த 111-ஆவது பிரிவு ஊராட்சி விரும்பினால் எடுத்துச் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறது. நூலகம், படிப்பகம், வானொலிப்பெட்டி, விளையாட்டு மைதானம், பூங்கா, விளையாட்டுக் கழகம், உடற்பயிற்சி நிலையம் எல்லாம் அந்தப் பக்கம்தான். இவற்றைச் செய்யலாம்.

"வேண்டும்" என்பதற்கும் "லாம்" என்பதற்கும் நடுவில்தான் நம் கிராமத்து மைதானங்கள் கிடக்கின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் தலைவரைக் கேள்வி கேட்கலாம். மைதானம் இல்லை என்றால் கேட்பதற்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவு. அந்த "லாம்" எந்த ஊரில் "வேண்டும்" ஆகிறதோ அந்த ஊரில்தான் மைதானம் வருகிறது. அப்படி மாற்றுகிற வேலைக்குப் பேர்தான் ஊர் ஆதரவு என்பது என் எண்ணம்.

பேர் மாறும், இடம் அதே

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். வரிசையாகப் பார்ப்போம்.

1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவானது. 2006-இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. நூலகம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு விளையாட்டு மைதானமும் அதன் வேலைகளில் ஒன்று. 2008-09-இல் மத்திய அரசின் ஊரக விளையாட்டுத் திட்டம், சுருக்கமாக 'பைக்கா'. கிராம ஊராட்சிக்கு ஒரு முறை 1 லட்ச ரூபாய், வட்டார அளவில் 5 லட்சம். 2014-இல் அது போய் ராஜீவ் காந்தி கேல் அபியான் வந்தது. நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது இதுதான். நாட்டில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு விளையாட்டு வளாகம். திறந்தவெளி ஆட்டங்களுக்கு 80 லட்சம், உள்ளரங்கத்துக்கு 80 லட்சம், ஆக 1 கோடியே 60 லட்சம், உபகரணத்துக்குத் தனியாக 15 லட்சம். 6 முதல் 7 ஏக்கர் இடம். பணத்தில் பெரும்பகுதியை நூறு நாள் வேலை உள்ளிட்ட வேறு திட்டங்களிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. இரண்டே வருடத்தில் அதுவும் கேலோ இந்தியாவுக்குள் கரைந்தது. 2019-இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2022-இல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்ற அறிவிப்பு. 2024-இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு.

பதினெட்டு வருடத்தில் ஆறு திட்டம். எந்தக் கட்சி, எந்த அரசு என்பதை விடுங்கள், அது இந்தப் பதிவின் வேலை இல்லை. நான் கவனிப்பது வேறொன்றை. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்போது பழைய வலைக்கம்பம் துருப்பிடித்திருக்கும், அதன் பக்கத்திலேயே புதுப் பெயர்ப்பலகை நிற்கும். திட்டத்துக்கு ஆயுள் ஐந்து வருடம். மைதானத்துக்கு ஆயுள் ஐம்பது வருடம் இருக்க வேண்டும். மிச்சம் நாற்பத்தைந்து வருடத்தை யார் பார்த்துக்கொள்வது? ஊர்தான். வேறு யாரும் வரப்போவதில்லை.

ஒரு வேலி நிலம்

எல்லாத் திட்டத்துக்கும் முதல் கேள்வி நிலம். ராஜீவ் காந்தி திட்டம் கேட்ட 6, 7 ஏக்கரைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய அளவு நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர்க் கணக்கில் இருபது மா ஒரு வேலி, ஒரு மா மூன்றில் ஒரு ஏக்கர். அதாவது ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு வட்டாரத்துக்கு வளாகம் என்றால் ஒரு வேலி நிலம். அந்தக் காலத்து வேலி இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

கிராமத்தில் ஒரு வேலி சமதளமாக, பொதுவாக, ஒரே துண்டாக எங்கே கிடைக்கும்? எந்த ஊரில் போய்க் கேட்டாலும் இளைஞர்கள் சொல்கிற பதில் இதுதான்: "கிரவுண்டா? ஏரியிலதாண்ணே." கோடையில் தண்ணீர் வற்றியதும் ஏரி உள்வாயில் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். ஆனால் அங்கே கட்டடம் எழுப்பக்கூடாது. ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. 2011-இல் பஞ்சாபின் ஒரு கிராமத்துக் குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மைதானம் நல்ல காரியம்தான், அதற்காக நீர்நிலையைத் தூர்த்துவிட முடியாது. அதிலும் உத்திரமேரூரில் அதைச் செய்தால் வரலாறே சிரிக்கும். ஊர் ஏரிக்குப் பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்று பேர், தந்திவர்மனின் பட்டப்பெயரால் அமைந்தது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு வருட ஏரி அது.

அடுத்தது மேய்க்கால் புறம்போக்கு. காலியாகக் கிடப்பது போலத் தெரியும். ஆடு மாடு வைத்திருப்பவரைக் கேட்டால் அது காலி இல்லை என்பார். அவரும் ஊர் மக்கள்தானே? மைதானத்துக்கு எதிராகப் பேசுகிறார் என்பதற்காக அவர் ஊருக்கு எதிரி ஆகிவிட மாட்டார். வகைமாற்றத்துக்கு மனுப் போடும் முன்னால் மாற்று மேய்ச்சல் இடம் எது என்று பேசி முடிப்பதும் ஆதரவு திரட்டுவதில் ஒரு பகுதி.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஒரு வழி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளால் மனைப்பிரிவுகள் தெற்கே பரவிக்கொண்டே வருகின்றன. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்சமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஓ.எஸ்.ஆர்.' என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். இது ஊர்ச் சொத்து. எத்தனை ஊரில் இந்தத் துண்டுகளின் பட்டியல் ஊராருக்குத் தெரியும்?

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 400 மீட்டர் ஓடுகளம் மட்டும் சுமார் 4 ஏக்கர் கேட்கும். கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். ஓடுகளத்துக்குள்ளேயே அதை அடக்கிவிடலாம். ஆனால் கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர்தான், மூன்றேகால் சென்ட். வாலிபால் களம் 18-க்கு 9 மீட்டர்; சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் 9 சென்டில் முடிந்துவிடும். ஒரு வேலி கிடைக்காத ஊரில் 20 சென்ட் கிடைத்தாலே கபடியும் வாலிபாலும் வந்துவிடும். பெரிய வளாகத்தை வட்டாரத்துக்கு ஒன்றாகவும், சின்னக் களங்களை ஊருக்கு ஒன்றாகவும் பிரித்துக் கேட்டால் கோரிக்கை நடக்கக்கூடியதாக ஆகிறது.

ஆறு காசு அரசு, நாலு காசு ஊர்

அடுத்தது பணம். ஊர் மக்கள் கையிலிருந்து காசு போட்டுப் பொதுக் காரியம் செய்த வரலாறு இந்தப் பக்கத்தில் நீண்டது. நெய்யாடுபாக்கம் துரைசாமி சுந்தரவடிவேலு, சுருக்கமாக நெ.து.சு., இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கல்வித் துறையின் இயக்குநர். 1950-களில் மதிய உணவுத் திட்டம் விரிந்தபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு: ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். அதற்கு அடுத்தபடியாக நடந்தவை பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுவார்கள். நிலம், கட்டடம், மேசை, கரும்பலகை, கடிகாரம், பாடும் மணி வரைக்கும் விலையோடு எழுதுவார்கள். பிறகு ஊரைக் கூட்டி, யார் எதைத் தருகிறார்கள் என்று கேட்பார்கள். வசதி இருப்பவர் வகுப்பறை தருவார், இல்லாதவர் கடிகாரம் தருவார்.

இதில் உள்ள சூட்சுமம் எனக்குப் பிடித்தது. "நன்கொடை தாரீர்" என்று பொதுவாகக் கேட்கவில்லை. பட்டியல் போட்டுக் கேட்டார்கள். தான் கொடுத்த காசு எந்தச் சுவரில் இருக்கிறது என்று கொடுத்தவருக்குத் தெரிந்தது.

1997-98-இல் வந்த நமக்கு நாமே திட்டம் இதையே அரசாணையாக்கியது. 2011-12-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பேர் மாறியது, 2021-இல் பழைய பேர் திரும்பியது. ஊர்ப்புறத்தில் வேலை மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரவேண்டும், மிச்சத்தை அரசு போடும். 15 லட்சத்தில் ஒரு வேலை என்றால் ஊரின் பங்கு 5 லட்சம். அந்த ஐந்தை யார் தருவது? வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள், முன்னாள் மாணவர்கள், வியாபாரிகள். அப்புறம் தொழிற்சாலைகள். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாம் அட்டவணையில் ஊரக விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஒரகடம் நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது கேட்காமல் இருப்பது நம் தவறுதான்.

கட்டிய பிறகு

நிலம் கிடைத்தது, பணம் வந்தது, ரிப்பன் வெட்டியாயிற்று. இனிமேல்தான் கதையே. யார் புல் வெட்டுவது, விளக்குக்கு மின்கட்டணம் யார் கட்டுவது, சாவி யார் வீட்டில் இருக்கும்?

இங்கேதான் கல்வெட்டுகளுக்குப் போகிறேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு கல்விச்சாலையும் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் நடந்த செய்தி அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருந்தது என்பதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு ஆச்சரியம் அதன் செலவுப் பட்டியல். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல், மூலிகை கொண்டு வருபவர்களுக்கு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு, நாவிதருக்கு, விளக்கெண்ணெய்க்கு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு. கட்டடத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்பதைவிட அது ஒவ்வொரு வருடமும் ஓட எவ்வளவு ஆகும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

உத்திரமேரூர் ஏரிக்கும் அப்படித்தான். தூர் வாருவதற்கு அறக்கட்டளை வைத்த செய்திகள் உண்டு. முதலைத் தொடாமல் பொலிசையில், அதாவது வட்டியில், வேலை நடத்துவது அந்தக் கால வழக்கம். ஒரு விளையாட்டு வளாகத்துக்கு 50 லட்சம் திரட்டினால் 45-ஐக் கட்டடத்துக்கும் 5-ஐ வைப்பு நிதிக்கும் ஒதுக்குவது என்று எழுதி வைத்துக்கொண்டால் அது புதுமை இல்லை, பழைய வழக்கத்தைத் தூசு தட்டுவதுதான்.

அப்புறம் ஆள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. கி.பி. 919, 921. ஊர் 30 குடும்பு. குடும்புக்கு ஒருவர். பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைக்கக்கூடாதல்லவா! 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று வருடத்தில் வாரியம் செய்தவருக்கு மறுபடி இடமில்லை. தவறு செய்தவரை அப்போதே விலக்கிவிட வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடத்துக்குள் போக முடியாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். சகோதரர், மாமா, மைத்துனர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பொதுச் சொத்தைக் கையில் வைத்துக்கொள்வது எப்படி நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, 919-இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 என்று திருத்துகிறார்கள். விதி ஓடவில்லை என்றால் மாற்றலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு மைதானக் குழுவுக்கு இதைவிட நல்ல விதிமுறையை நான் எங்கும் பார்க்கவில்லை. தெருவுக்கு ஒருவர், ஒரு வருடம், கணக்குச் சொன்னால்தான் விடுதலை, மூன்று வருடம் ஓய்வு. அவ்வளவுதான்.

குடத்துக்குள் இல்லாத பேர்கள்

ஆனால் இந்தக் கல்வெட்டைக் கொண்டாடிவிட்டு அப்படியே போக முடியாது. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். குடத்தில் பேர் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். பெண்கள் பேர் கிடையாது. அந்த ஏரியை வெட்டியவர், வாரியவர், அதன் தண்ணீரில் நாற்று நட்டவர் பேர் கிடையாது. விதிகள் அருமையானவை, குடம்தான் சின்னது.

மைதானத்தின் வரலாற்றிலும் இதே கதை உண்டு. சென்னையில் 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. சேப்பாக்கத்தில் அவர்கள் பெவிலியனில் உட்கார, இந்திய ஆட்டக்காரர்கள் மர நிழலில் உட்கார வேண்டிய காலம் அது. அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மட்டையும் பந்தும் கொடுத்து, இடம் பிடித்து, இந்தியர்களுக்கென்று ஒரு களத்தை உண்டாக்கினார். தமிழ்நாட்டில் ஊர் ஆதரவில் எழுந்த விளையாட்டிடம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கட்டிக்கொண்ட இடம்.

நம் கிராமங்களில் தெருவுக்கு ஒரு வாலிபால் களம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. அது ஏன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வட்டாரத்துக்கு ஒரே வளாகம் வரும்போது அது எந்தத் தெருவின் ஓரத்தில் வருகிறது, அங்கே போக யார் எந்தத் தெருவைக் கடக்க வேண்டும் என்பது பொறியாளர் வரைபடத்தில் இருக்காது. ஊருக்குத் தெரியும். அதைப் பேசாமல் கட்டினால் கேட்டில் பூட்டு இல்லாமலே பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடியவர் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. மறுகுடியமர்த்தப்பட்ட மக்கள் வாழ்கிற பகுதி அது. மூன்றேகால் சென்ட் களம் என்ன செய்யும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் நம் ஊர் மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற அறை இருக்கிறதா, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு எரிகிறதா? இந்த மூன்றும் இல்லையென்றால் அந்த வளாகம் ஊருக்குப் பொது இல்லை, ஊரில் பாதிக்குத்தான் பொது.

வெளியூர்ப் பாடம் இரண்டு

அயர்லாந்தில் 1884-இல் தர்ல்ஸ் என்ற சிற்றூரில் கேலிக் தடகளச் சங்கம் தொடங்கியது. அந்நிய ஆட்சிக்குக் கீழே, சொந்த ஆட்டங்களைக் காப்பாற்ற மக்கள் தொடங்கிய அமைப்பு. பங்கு வாரியாக, அதாவது அவர்களின் கோயில் வட்டாரம் வாரியாக, உள்ளூர்க் கழகம். ஆடுபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. 1913-இல் டப்ளினில் ஒரு மைதானத்தை விலைக்கு வாங்கி குரோக் பார்க் என்று பேரிட்டார்கள். இன்று ஐரோப்பாவின் பெரிய விளையாட்டரங்குகளில் அதுவும் ஒன்று. அடித்தளம் உள்ளூர்க் கழகம்தான்.

பிரிட்டனில் 1936-இல் தொடங்கி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் நினைவாக மைதானங்கள் உண்டாக்கினார்கள். மொத்தம் 471. ஒவ்வொன்றுக்கும் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் தவிர வேறெதற்கும் அந்த நிலம் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். நம் ஊரில் மைதானம் காணாமல் போவது ஒரே நாளில் அல்ல. ஒரு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு ஓரத்தில் ரேஷன் கடை, நடுவில் சமுதாயக் கூடம். எல்லாமே நல்ல காரியம், அதனால் யாரும் எதிர்க்க முடியாது. கடைசியில் ஓடுவதற்கு இடம் இருக்காது. பத்திரம் இருந்திருந்தால் மாற்று இடம் தேடியிருப்பார்கள்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "மைதானம் வேண்டும்" என்று ஒரு வரித் தீர்மானம் போட்டால் அது கோப்பில் தூங்கும். இதுவரை பார்த்ததை வைத்துக் கேள்விகளாகவே கேட்கலாம்.

ஊராட்சியில் உள்ள திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலங்களின் சர்வே எண் பட்டியல் எங்கே? எந்த இடத்தைக் கேட்கிறோம், அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு மாற்று என்ன? மொத்தச் செலவில் ஊரின் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு, அதைப் பொருள் வாரியாகப் பட்டியல் போட்டாயிற்றா? வருடாந்தரச் செலவு எவ்வளவு, அதற்கு வைப்பு நிதி உண்டா? குழுவில் எல்லாத் தெருவும் இருக்கிறதா, பெண்கள் இருக்கிறார்களா, எத்தனை நாளைக்கு, கணக்கு எந்தத் தேதியில்? இந்த நிலம் வேறு எதற்கும் போகாது என்று எழுதி வைத்திருக்கிறோமா?

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எனக்குச் சொந்தமில்லை. வயிரமேக தடாகத்துக்கும், திருமுக்கூடல் ஆதுலர் சாலைக்கும், நெ.து.சு. நடத்திய மாநாடுகளுக்கும் இந்த ஊர்க்காரர்களே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை குடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் செய்துகொண்டால் போதும்.